சிரட்டைக்கரி தாங்கிய மின்னல்

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் ரிவியும் றவுட்டரும் திருத்துகிற சின்னக் கடைகள் இருக்கின்றன. ஒக்டோபர் பிறந்துவிட்டால் அங்கே மேசைக்கு வருகிற போட்டுகள் பலவற்றுக்கும் ஒரே கதைதான்: "பின்னேரம் இடி முழங்கினது, அதோட நிண்டு போச்சு." திருத்துகிறவர் மூடியைக் கழற்றியதும் முதலில் பார்ப்பது கரண்ட் உள்ளே நுழைகிற மூலையை. பியூஸுக்குப் பக்கத்தில் பெருவிரல் நகமளவு நீல வில்லை ஒன்று இரண்டு காலில் நிற்கும். அது வெடித்துக் கருகியிருந்தால் அவருக்குப் பாதி நிம்மதி. "எம்ஓவி போயிட்டுது" என்பார். அதையும் பியூஸையும் மாற்றினால் பல வேளைகளில் சாதனம் எழும்பிவிடும். வில்லை முழுதாக இருக்க, அதற்கு அப்பால் உள்ள ஐசி செத்திருந்தால்தான் தொல்லை.

இலத்திரனியல் உறுப்பு ஒன்றைக் கண்டுபிடிப்பதென்றால் தூசி புகாத அறை, கோடிக்கணக்கான டொலர், ஆயிரம் பேர் வேலை செய்யும் தொழிற்சாலை என்றே நினைத்துக்கொள்கிறோம். சிலிக்கன் சில்லைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் இந்த நீல வில்லையின் குறையை நிரப்ப வந்த கண்டுபிடிப்பு அப்படிப் பிறக்கவில்லை. மொரட்டுவையில் 17 ஆண்டுகள் வேலை செய்த ஒரு பொறியியலாளரின் கேள்வியிலிருந்து அது பிறந்தது. அதன் உள்ளே இருக்கிற சரக்கோ, நாம் அடுப்பில் போடுகிற தேங்காய்ச் சிரட்டைக்கு உறவு.

முதலில் மின்னல் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று பார்ப்போம். இலங்கையில் இடி மின்னல் அதிகம் மிரட்டுவது இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலங்களில்: மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் பிறகு ஒக்டோபர், நவம்பரிலும். காலையில் வெயில் கொளுத்தும், மத்தியானத்துக்குப் பிறகு மேகம் குவியும், பின்னேரம் கொட்டும். சராசரி மின்னல் ஒன்றில் 30,000 அம்பியர் அளவில் ஓட்டம் பாய்கிறது. ஒரு மாடிவீட்டின் மேல் அது நேராக விழுவது அரிது. பெரும்பாலும் சில நூறு மீற்றருக்கு அப்பால் விழும். அந்தக் கணத்தில் அதைச் சுற்றி எழும் காந்தப்புலம், தெருவில் தொங்குகிற மின்கம்பிகளிலும் தொலைபேசிக் கம்பிகளிலும் ஆயிரக்கணக்கான வோல்ற்றைத் தூண்டிவிடும். கொட்டாஞ்சேனையில் விழுந்த மின்னல் அடுத்த தெருவின் பிளக் பொயின்ற் வழியாக உள்ளே வருவது இப்படித்தான்.

மின்னலே இல்லாமலும் இது நடக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடு முழுவதையும் இருட்டாக்கியது. உலகச் செய்திகளில் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள், நாமும் சேர்ந்து சிரித்தோம். கரண்ட் போவதால் பெரும்பாலும் சேதமில்லை, திரும்பி வருகிற கணந்தான் ஆபத்து. லிப்ட், பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்தெழும்போது கம்பிகளில் குறுகிய அழுத்தத் துடிப்புகள் ஓடுகின்றன. மின்னலின் துடிப்பைவிட இவை சிறியவை, ஆனால் அடிக்கடி வருபவை.

பொறியியலாளர்கள் இதற்கு ஒரு மாதிரித் துடிப்பை வகுத்து வைத்திருக்கிறார்கள். 6,000 வோல்ற் வரை உயரும் ஓர் அழுத்த அலை, 1.2 மைக்ரோசெக்கனில் உச்சத்துக்குப் போய் 50 மைக்ரோசெக்கனில் பாதியாகும். அதோடு 3,000 அம்பியர் வரை போகும் ஓர் ஓட்ட அலை. 8 மைக்ரோசெக்கனில் உச்சம், 20இல் பாதி. ஒரு மைக்ரோசெக்கன் என்பது செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஆய்வுகூடத்தில் மின்னல் பாவனைப் பொறி ஒன்று இந்த அலைகளைத் திரும்பத் திரும்ப உண்டாக்கிக் கொடுக்கும். சந்தைக்கு வருகிற காப்புச் சாதனங்களின் தரப் பரிசோதனைகள் பெரும்பாலும் இந்த அலைகளைக் கொண்டே நடக்கின்றன.

இனி நீல வில்லைக்கு வருவோம். அதற்குள் இருப்பது நாக ஒட்சைட்டுத் தூள். அதோடு சிறிதளவு பிசுமது ஒட்சைட்டும் வேறு சில உலோக ஒட்சைட்டுகளும் கலந்து, அழுத்தி, சூளையில் சுட்ட மட்பாண்டம் என்றே சொல்லலாம். சுடும்போது நாக ஒட்சைட்டு சிறு மணிகளாகத் திரள்கிறது. மணிக்கும் மணிக்கும் நடுவே பிசுமது ஒட்சைட்டு மெல்லிய எல்லையாகப் படிகிறது. அந்த எல்லை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 வோல்ற் வரை ஓட்டத்தைத் தடுத்து நிற்கும். அதைத் தாண்டினால் திறந்துவிடும். வில்லையின் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை நூற்றைம்பது எல்லைகள் வரிசையாக இருந்தால் அது 430 வோல்ற் அளவில் திறக்கும். கடையில் வாங்குகிற வில்லையில் 431 என்று அச்சிட்டிருப்பதன் பொருள் அதுதான்: 43, அதன் பின் ஒரு பூச்சியம். நம் வீட்டு 230 வோல்ற் ஆடலோட்டம் உச்சத்தில் 325 வோல்ற்றைத் தொடுகிறது. ஆகவே சாதாரண நாட்களில் வில்லை சும்மா நிற்கும். அழுத்தத் துடிப்பு ஒன்று, அதாவது மின்னெழுச்சி, வந்தால் நனோசெக்கன்களில் திறந்து அதைத் தன் வழியாகத் திருப்பிவிடும். மாடியில் இருக்கிற தண்ணீர்த் தாங்கியின் மிகைநீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள், வேலை அதேதான்.

ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில், அதாவது பின்னாளில் பனசோனிக் என்று பெயர் மாறிய நிறுவனத்தில், மிச்சியோ மட்சுவோக்கா 1960களின் பிற்பகுதியில் இந்தப் பண்பைக் கண்டார். 1971இல் அவருடைய ஆய்வுக்கட்டுரை வந்தது. அதன் பிறகு உலகத்தின் மல்ரிபிளக், ரிவி, கணினி, சலவை இயந்திரம் எல்லாவற்றுக்குள்ளும் இந்த வில்லை குடியேறிவிட்டது. மலிவு, சிறியது, வேகமானது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வருவது இலத்திரனியலில் அபூர்வம்.

ஆனால் அதில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, 430 வோல்ற்றில் திறந்தாலும் அந்த அளவிலேயே நிற்பதில்லை. நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும்போது வில்லையின் இரு காலுக்கும் இடையே 700 வோல்ற்றையும் தாண்டும். அந்த மிச்ச அழுத்தம் அப்படியே உள்ளே போகிறது. பழைய குமிழ் ரிவி அதைத் தாங்கியிருக்கும். 3 வோல்ற்றிலும் அதற்குக் குறைவாகவும் ஓடுகிற இன்றைய சில்லுகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. இரண்டாவது, ஒவ்வொரு எழுச்சியும் சில மணி எல்லைகளை நிரந்தரமாகக் கெடுத்துவிட்டுப் போகிறது. வில்லை தேய்வது கண்ணுக்குத் தெரியாது. மெல்ல மெல்ல அது திறக்கும் அழுத்தம் கீழே இறங்கும், ஒரு நாள் சாதாரண 230 வோல்ற்றுக்கே கசியத் தொடங்கும், சூடாகும், சூடானால் இன்னும் கசியும். தீப்பிடித்த மல்ரிபிளக்குகள் சிலவற்றின் பின்னணி இது. நல்ல தயாரிப்பாளர்கள் வெப்பப் பியூஸ் ஒன்றையும் சேர்த்துப் போடுவார்கள். மலிவுச் சரக்கில் அது இருக்காது.

இந்த இடத்தில்தான் நிஹால் குலரத்ன வருகிறார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். 1985இல் மொரட்டுவை கட்டுபெத்தயில் உள்ள ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிலையத்தில் சேர்ந்தார். 1984ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான நிலையம் அது. செய்மதித் தொடர்பு பற்றி 1945இல் எழுதிவிட்டு, பின்னர் கொழும்பிலேயே குடியிருந்த அதே கிளார்க்கின் பெயர். குலரத்ன அங்கே தலைமை நிறைவேற்று அதிகாரியாகவும் இருந்து, 2002இல் நியூசிலாந்துக்குப் போனார். ஹமில்ற்றன் நகரின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் அவருடைய புகழ்பெற்ற வேலைகள் நடந்தன. மின்வலுவும் மின்னெழுச்சிக் காப்பும்தான் அவருடைய துறை.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வியைக் கேட்டால் முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சூப்பர் கொள்ளளவி என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அது தாங்குவது வெறும் 2.7 வோல்ற். அதன் மேல் ஆறாயிரம் வோல்ற் மின்னலை விட்டால் என்ன ஆகும்?

எந்தப் பட்டறைக்காரரும் வெடிக்கும் என்றுதான் சொல்வார். ஏன் வெடிக்கவில்லை என்று விளங்கிக்கொள்ளச் சிரட்டைக்குப் போக வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் படித்த கொள்ளளவி இரண்டு தகடு, நடுவே ஒரு காவலி. தகட்டின் பரப்பு கூடினாலும் இடைவெளி குறைந்தாலும் கொள்ளளவம் கூடும். 1853இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜேர்மனிய விஞ்ஞானி, உப்புக் கரைசலில் ஒரு மின்வாயை வைத்தால் அதன் மேற்பரப்பில் அயன்கள் படலமாகப் படிந்து, தகடும் இடைவெளியும் தாமாகவே அமைந்துவிடுவதை விளக்கினார். அந்த இடைவெளி ஒரு நனோமீற்றருக்கும் குறைவு. இடைவெளிப் பிரச்சினையை இயற்கையே தீர்த்து வைத்தது, மிஞ்சியது பரப்பு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹவார்ட் பெக்கர் 1957இல் பெற்ற காப்புரிமை அதற்கு நுண்துளை நிறைந்த கரியைப் பயன்படுத்தியது. ஜப்பானின் என்ஈசி நிறுவனம் 1978இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கணினியின் நினைவகத்துக்குக் கரண்ட் இல்லாத நேரத்தில் உயிர் கொடுப்பதுதான் அதற்குக் கொடுத்த முதல் வேலை.

நுண்துளைக் கரிக்குப் பேர் போனது தேங்காய்ச் சிரட்டை. சிரட்டை அடர்ந்தது, கடினமானது, எரித்தால் சாம்பல் குறைவு. காற்றோட்டமில்லாமல் மூட்டம் போட்டு எரித்துக் கரியாக்கி, அந்தக் கரியை 800 முதல் 1,000 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் நீராவிக்குள் விடுகிறார்கள். நீராவி காபனோடு தாக்கமுற்று காபனோரொட்சைட்டும் ஐதரசனுமாக வெளியேறும்போது கரியைத் தின்றுகொண்டே போகிறது. மிஞ்சுகிற கரிக்குள் 2 நனோமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள துளைகள் கோடி கோடியாக விழுகின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1,500 சதுர மீற்றர் அளவுக்கு வரும். கொழும்பில் நிலத்தை அளக்கிற கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 60 பேர்ச்சஸ். வெள்ளவத்தையில் 60 பேர்ச்சஸ் வாங்க முடிந்தவர் யார் என்று கேட்காதீர்கள். இங்கே அது ஒரு சிட்டிகைக் கரிக்குள் இருக்கிறது.

இந்தக் கரி நமக்கு அந்நியமில்லை. குருநாகல், புத்தளம், கம்பஹா என்ற தெங்கு முக்கோணத்தில் மூட்டம் போடுவது பழைய தொழில். ஹேலீஸ் குழுமத்தைச் சேர்ந்த ஹேகாப் நிறுவனம் 1973 முதல் சிரட்டைக்கரியை உயிர்ப்பூட்டி ஏற்றுமதி செய்கிறது. அதன் தலைமையகம் கொழும்பு 10, டீன்ஸ் வீதியில். தண்ணீர் வடிகட்டுவதற்கும் தங்கச் சுரங்கங்களில் தங்கத்தைப் பிரிப்பதற்கும் வாயு முகமூடிகளுக்கும் உலகம் முழுவதும் போகிற சரக்கு அது. சூப்பர் கொள்ளளவிக்கான கரியும் அந்தப் பட்டியலில் உண்டு. பிறகு அந்தக் கரியின் உறவுக்காரர்கள் அலுமினியக் குப்பிக்குள் அடைபட்டு, பிளாஸ்ரிக் உறை போட்டு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருக் கடைகளுக்குப் பல மடங்கு விலையில் திரும்பி வருகிறார்கள்.

இப்போது மின்னலுக்கு வருவோம். கணக்கு எளிது, உயர்தரப் பௌதிகவியல் மாணவர் எவரும் போடக்கூடியது. 3,000 அம்பியர் உச்சம் உள்ள மாதிரி அலை ஒன்று கொண்டு வருகிற மின்னேற்றம், 3,000ஐ 20 மைக்ரோசெக்கனால் பெருக்கினால், மிஞ்சிப் போனால் 0.06 கூலோம். இதை ஒரு மைக்ரோபரட் அளவுள்ள சாதாரணக் கொள்ளளவிக்குள் தள்ளினால் அழுத்தம் 60,000 வோல்ற்றாக உயரப் பார்க்கும். அதற்கு முன்பே அது சிதறிவிடும். அதே மின்னேற்றத்தை ஒரு பரட் சூப்பர் கொள்ளளவிக்குள் விட்டால் அழுத்தம் உயர்வது 0.06 வோல்ற். தாங்கக்கூடியது 2.7. மின்னல் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருப்பதைக் கெட்டிக்கார மாணவர் கண்டுபிடிப்பார். எந்தக் கொள்ளளவிக்கும் உள்தடை உண்டு. 0.05 ஓம் என்று வைத்துக்கொண்டு 1,000 அம்பியர் பாய்ச்சினால் வெளிக்கால்களுக்கு இடையே 50 வோல்ற் தெரியும். 2.7 எங்கே, 50 எங்கே? பதில் இதுதான்: அந்த 50 வோல்ற் விழுவது உள்தடையின் மீது. கரிக்கும் அயனுக்கும் நடுவே உள்ள நுண்ணிய படலத்தின் மீது அது விழுவதில்லை. 2.7 வோல்ற் எல்லை இருப்பது அந்தப் படலத்துக்கு. உள்தடையில் பிறக்கிற வெப்பமோ 20 மைக்ரோசெக்கனுக்கு ஒரு யூல் அளவில்தான், அதனால் ஒரு சின்னக் குப்பியின் வெப்பநிலை கவனிக்கத்தக்க அளவு ஏறாது. கொள்ளளவி நிரம்ப எடுக்கும் நேரம் மின்னலின் நேரத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நீளம். அது விழித்துப் பார்ப்பதற்குள் மின்னல் முடிந்துவிடும்.

குலரத்னவும் அவருடைய ஆய்வு மாணவர்களும் வெவ்வேறு நிறுவனங்களின் சூப்பர் கொள்ளளவிகளை வாங்கி மின்னல் பாவனைப் பொறியில் கட்டி, துடிப்பு மேல் துடிப்பாக விட்டுச் சோதித்தார்கள். அவை தாங்கின. 2011இல் அந்த முடிவுகள் ஐஈஈஈ என்ற பொறியியலாளர் அமைப்பின் ஆய்விதழில் வந்தன. உற்பத்தியாளரின் தரவுத்தாளில் எங்கும் எழுதப்படாத ஒரு திறமை அந்த உறுப்புக்குள் இருந்திருக்கிறது. தயாரித்தவர்கள் அதை பற்றரிக்குத் துணையாகவே பார்த்தார்கள். மைக்ரோசெக்கனில் அது என்ன செய்யும் என்று கேட்க அவர்களுக்குத் தேவை ஏற்படவில்லை.

அதற்காக அதை நேரே பிளக் பொயின்ற்றில் மாட்ட முடியாது. 50 ஹேர்ட்ஸ் ஆடலோட்டத்தில் ஒரு அரைச்சுற்று 10 மில்லிசெக்கன், அதாவது மின்னலின் நேரத்தைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. அவ்வளவு நேரம் 325 வோல்ற்றைக் காட்டினால் 2.7 வோல்ற் குப்பி புகையாகும். சாதாரண நாட்களில் கொள்ளளவிக்கு ஒன்றும் தெரியக்கூடாது, மின்னல் வந்தால் மட்டும் அதைக் கூப்பிட வேண்டும். இதற்கு வழி ஒரு கம்பிச் சுருள். சுருளின் குறுக்கே எழும் அழுத்தம், ஓட்டம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. 10 மைக்ரோஹென்றிச் சுருளில் வீட்டுக்கு வேண்டிய 10 அம்பியர் ஓடினால் அதன் குறுக்கே விழுவது ஒரு வோல்ற்றின் நூறில் மூன்று பங்கு. அதே சுருளுக்குள் 8 மைக்ரோசெக்கனில் 3,000 அம்பியர் ஏறப் பார்த்தால் 3,750 வோல்ற் எதிர்த்து எழும். மெதுவாக வருகிறவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது, ஓடி வருகிறவர் மோதிக்கொள்வார்.

குலரத்னவின் சுற்று இப்படி அமைந்தது: ஒரே காந்த உள்ளகத்தில் சுற்றிய இரண்டு சுருள்கள், முன்பு பார்த்த அதே நீல வில்லை, ஒரு சூப்பர் கொள்ளளவி, ஒரு தடையி. எழுச்சி வந்ததும் வில்லை திறக்கிறது. சுருள்களின் இணைப்பினால் எழுச்சியின் ஒரு பங்கு கொள்ளளவியும் தடையியும் இருக்கிற பாதைக்குத் திருப்பப்படுகிறது. கொள்ளளவி கொஞ்சம் ஏற்றுக்கொள்ள, தடையி மிச்சத்தை வெப்பமாக்குகிறது. அப்பால் இருக்கிற சாதனம் காண்கிற மிச்ச அழுத்தம் குறைகிறது, வில்லையின் மேல் விழும் சுமையும் குறைகிறது. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் இதை ஸ்காசா என்று அழைக்கிறார்கள். தோர் என்ற அவுஸ்திரேலிய நிறுவனம் இதைத் தயாரிப்பாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வீட்டின் மேல் நேராக விழும் மின்னலை இதுவும் நிறுத்தாது. அதற்குக் கூரையில் இடிதாங்கியும் ஒழுங்கான புவித்தொடுப்பும்தான் வேண்டும்.

அவர் அதே உறுப்பை இன்னொரு இடத்திலும் மாட்டிப் பார்த்தார். 12 வோல்ற்றை 5 வோல்ற்றாகக் குறைக்க, 7805 போன்ற நேர்கோட்டுச் சீராக்கியை எல்லோரும் பயன்படுத்தியிருப்போம். தொட்டால் கை சுடும். மிச்ச 7 வோல்ற் வெப்பமாகப் போவதால் வினைத்திறன் 42 வீதத்தைத் தாண்டாது. குலரத்ன அந்த 7 வோல்ற்றை எரிப்பதற்குப் பதிலாக, சீராக்கிக்கு முன்னால் சூப்பர் கொள்ளளவிகளைத் தொடரில் வைத்து அவற்றுக்குள் சேர்த்தார். அவை நிரம்பியதும் ஆளிகள் மாறும், சேர்த்த மின்னேற்றமே சீராக்கிக்கு உணவாகும், பிறகு மீண்டும் முதலிலிருந்து. 12இலிருந்து 5க்கு வருகிற அதே வேலையில் கொள்கையளவில் வினைத்திறன் இரட்டிப்பாகி 83 வீதம் வரை போகிறது. செக்கனுக்கு இலட்சம் தடவை ஆளி போடுகிற சுவிச் மோட் பவர் சப்ளையும் இதைச் செய்யும், ஆனால் அதன் இரைச்சல் பக்கத்திலிருக்கிற வானொலிச் சுற்றைக் குழப்பும். இங்கே கொள்ளளவி பெரிதாக இருப்பதால் ஆளி மாறுவது மிக மெதுவாகவே, இரைச்சல் எழாது. 2011இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நான் பார்த்தவரை, மின்னல் காப்பைவிட இதுவே அழகான யோசனை. மின்னலுக்குக் கவர்ச்சி அதிகம் என்பதால் அதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறோம்.

ஓர் உறுப்புக்கு அதன் பெட்டியில் எழுதாத வேலையைக் கொடுப்பது இத்துறையில் புதிதல்ல. கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸ், கலீனா என்ற ஈயக் கனிமத் துண்டின் மேல் ஒரு கூர்முனையை வைத்து வானொலி அலையைக் கண்டறிந்தார். 1901இல் விண்ணப்பித்து 1904 மார்ச் 29ஆம் திகதி அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குறைகடத்திச் சாதனம் ஒன்றுக்குக் கிடைத்த முதல் காப்புரிமைகளில் அது ஒன்று. கொழும்புக்கும் இதில் பங்குண்டு. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களைக் கொண்டு கட்டிய ஒலிபரப்பியால் 1923இல் மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து பரீட்சார்த்தமாக இசையை ஒலிபரப்பினார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. போர்க்கப்பலின் பாகம் பாட்டுக் கேட்க உதவியது.

இந்த மூன்றிலும் புதுப் பொருள் எதுவும் செய்யப்படவில்லை. இருந்த பொருளை யாரோ வேறு நேர அளவில், வேறு வேலையில் நிறுத்திப் பார்த்தார்கள். ஆகவே சிலிக்கன் தொழிற்சாலை இல்லாத நாடு உறுப்புகளைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்வது சோம்பேறித்தனம். வேண்டியது தரவுத்தாளை வாசிக்கத் தெரிந்த மூளை, உறுப்புகளை உடைத்துப் பார்க்க அனுமதிக்கிற மேசை, உயர் அழுத்தத்தை ஆபத்தில்லாமல் உண்டாக்குகிற ஒரு பொறி. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயர் அழுத்த ஆய்வுகூடம் இருக்கிறது. கிளார்க் நிலையம் மின்னல் காப்பு ஆலோசனை வழங்குகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுச் சுவீடனின் உப்சாலாவுக்குப் போன வேர்னன் குரே, மின்னல் ஆய்வில் உலகம் மதிக்கிறவர்களில் ஒருவர். கரியோ நம் தென்னந்தோப்பிலிருந்து வருகிறது. ஆள், கருவி, சரக்கு மூன்றும் இங்கே இருந்தன, ஆனால் அவை ஒன்றையொன்று சந்தித்தது ஹமில்ற்றனில். இதற்குக் காரணம் திறமைக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. கரி விற்கிற நிறுவனம் தொன் கணக்கில் விலை பேசுகிறது, பல்கலைக்கழகம் பட்டம் கொடுப்பதில் கவனமாக இருக்கிறது, நடுவே இருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் ஆளுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. கரியை ஏற்றுமதி செய்து கொள்ளளவியை இறக்குமதி செய்கிற நாட்டில் அந்த ஒரு சம்பளம் பெரிய செலவாகாது.

மேசையில் ஏற்கெனவே ஏதாவது வைத்துக் குடைந்துகொண்டிருக்கிற வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு இரண்டு வார்த்தை. வீட்டுக் கரண்டில் இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள், 230 வோல்ற்றுக்கு இரக்கமில்லை. 12 வோல்ற் பற்றரியும் சில சூப்பர் கொள்ளளவிகளும் சில ஆளிகளும் ஒரு 7805உம் போதும், 42 வீதத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்று பார்க்க. உண்மையில் புதிதாக ஏதாவது கிடைத்துவிட்டால், கண்காட்சிக்கும் யூரியூப்புக்கும் போவதற்கு முன் காப்புரிமைக்கு விண்ணப்பியுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நீங்களே வெளிப்படுத்தியதற்கு ஓர் ஆண்டு சலுகை தருகிறது. ஐரோப்பாவில் அப்படியொரு சலுகையை எதிர்பார்க்க முடியாது. காப்புரிமை 20 ஆண்டுகளுக்குச் செல்லும். விண்ணப்பத்தை ஏற்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கிறது.